குடிநீர்க் குழாயில் சாக்கடை கலப்பது எப்படி?

நமது புதுவை நகரம் குடிப்பது நிலத்தடி நீர். மூன்றாம் நெப்போலியன் காலத்தில் முத்திரையர்பாளையத்திலிருந்து தண்ணீர் கொண்டு வந்ததன் நினைவுதான் பாரதி பூங்காவிலுள்ள ஆயி மண்டபம். ஆழ்குழாய்க் கிணற்றிலிருந்து தெளிவாக ஏறும் அந்தத் தண்ணீர், எங்கள் முதலியார்பேட்டைத் தெருக் குழாயில் சில நாள் நாறுவது ஏன்? எங்க வீட்டில் பாலிடெக்னிக் வாசலை மிதித்த முதல் ஆள் நான். அம்மா கேட்ட முதல் சந்தேகமே இதுதான்.

குழாயில் தண்ணீர் அழுத்தத்தோடு ஓடும்வரை, ஓட்டை இருந்தாலும் நீர் வெளியேதான் கசியும். சப்ளை நின்றதும் குழாய் காலி. பக்கத்தில் தேங்கிய சாக்கடை நீர் அதே ஓட்டை வழியாக உள்ளே இறங்கிவிடும். லைனிலேயே நேராக மோட்டார் வெச்சு உறிஞ்சினால் கேட்கவே வேண்டாம், கரண்டு பில் கட்டிச் சாக்கடையை இழுக்கிற கதைதான்! காலரா, டைபாய்டு, மஞ்சள் காமாலை எல்லாம் இந்த வழியாக வரும்.

இதில் பள்ளிப் பிள்ளைகளுக்கு உருப்படியான வேலை இருக்கிறது. ஆசிரியர் துணையோடு, குழாய்த் தண்ணீரைச் சோதனைக் குப்பியில் பிடித்து டி.பி.டி. மாத்திரை போட வேண்டும். குளோரின் இருந்தால் இளஞ்சிவப்பாகும். லிட்டருக்குக் குறைந்தது 0.2 மில்லிகிராம் இருக்க வேண்டும். நிறமே வராவிட்டால், குளோரின் போடவில்லை அல்லது வழியில் கலந்த அழுக்கு அதைத் தின்றுவிட்டது. தெருத் தெருவாகத் தேதி போட்டு நோட்டில் எழுதினால், ஓட்டை எந்தப் பக்கம் என்று ஓரளவு பிடிபடும்.

சாக்கடையில் பாலிதீன் பை போடாதிருப்பதும் இதே கணக்குதான். அடைத்தால் தேங்கும், தேங்கினால் குழாயைச் சூழும். மோட்டார் விஷயத்தையும் பிள்ளைகளே வீட்டில் சொல்லட்டும். நாங்க சொன்னா பெரியவங்க எங்கே கேட்கிறாங்க?