பந்தயம் விட்ட காளையும் ஒரு துண்டுக் கட்டுக்கம்பியும்

(மூன்றாமாண்டு இயந்திரவியல் மாணவன்)

ரேக்ளா என்ற வார்த்தையைக் கேட்டதுமே நம் ஹாஸ்டலில் பொள்ளாச்சி, உடுமலைப் பக்கத்துப் பசங்களுக்கு முகத்தில் ஒரு களை வந்துவிடும். 200 மீட்டர், 300 மீட்டர் என்று இரண்டு பிரிவு. ஜோடி ஜோடியாக வண்டியை விட்டு, எந்த ஜோடி குறைந்த நொடியில் கோட்டைத் தொட்டது என்று கணக்குப் பார்ப்பார்கள். ஜெயித்த காளைக்கு மாலை, ஓட்டியவருக்குப் பரிசு, அப்புறம் போட்டோ. நான் எழுத வந்தது அந்தக் காளையைப் பற்றி அல்ல. சில வருஷம் ஓடி முடித்துவிட்டுக் கட்டுத்தரைக்குத் திரும்பி வந்த காளையைப் பற்றி. அது நோயில் விழுந்தால் என்ன செய்வது, போய்விட்டால் என்ன செய்வது என்பதை யாரும் மைக்கில் சொல்வதில்லை.

கணக்கு ரொம்ப எளிது. நல்ல கவனிப்பு இருந்தால் ஒரு காங்கேயம் மாடு இருபது வயது வரைகூட இருக்கும். பந்தயத்தில் ஓடுவதோ அதில் சில வருஷம்தான். மிச்ச வருஷத்துக்கு யார் தீனி போடுவது? சந்தைக்குப் பிடித்துப் போனால் வாங்க ஆள் உண்டு. எதற்கு வாங்குகிறார்கள் என்பதும் எல்லோருக்கும் தெரியும். தமிழ்நாடு விலங்குகள் பாதுகாப்புச் சட்டம், 1958-ன்படி, பத்து வயது தாண்டி உழைப்புக்கும் இனவிருத்திக்கும் உதவாது என்று சான்று வாங்கிய மாட்டை அறுக்கலாம். பந்தயத்தில் பேர் வாங்கிய காளை என்று அதற்குத் தனிச் சலுகை ஒன்றும் கிடையாது.

எங்கள் வீட்டில் ஒரு மயிலை ஜோடி இருந்தது. 2014 மே 7-ம் தேதி ஜல்லிக்கட்டுக்கும் மாட்டுவண்டிப் பந்தயத்துக்கும் உச்ச நீதிமன்றம் தடை போட்டதோடு அவற்றின் ஓட்டம் நின்றது. 2017-ல் தமிழக அரசு சட்டத் திருத்தம் கொண்டு வந்து, 2023 மே 18-ல் அந்தத் திருத்தம் செல்லும் என்று அரசியல் சாசன அமர்வு சொன்னதெல்லாம் நமக்குத் தெரியும். ஆனால் காளையின் பல் கோர்ட்டுக்காகக் காத்திருக்குமா? 2017-லேயே எங்கள் ஜோடிக்கு வயசாகிவிட்டது. வியாபாரிகள் இரண்டு தடவை வந்தார்கள். "லாரியில ஏத்தறதுன்னா மொதல்ல என்னைய ஏத்துங்கடா" என்று எங்கள் அப்பாரு ஒரே பேச்சில் அனுப்பிவிட்டார்.

வெளிநாட்டிலும் இதே கதைதான். அமெரிக்காவில் புளோரிடா மாநிலத்தில் கிரேஹவுண்ட் நாய்ப் பந்தயம் வேண்டாம் என்று 2018-ல் மக்கள் ஓட்டுப் போட்டார்கள். 2020 முடிவோடு அங்கே பந்தயம் நின்றது. ஓடி முடித்த நாய்களை வீட்டில் வைத்து வளர்க்க ஆள் தேடித் தருவதற்கென்றே அந்த நாடுகளில் சங்கங்கள் இருக்கின்றன. அந்த நாய்களுக்கு வயதானால் கால் எலும்பில் புற்றுநோய் அதிகம் வரும். நம் எருதுகளுக்கு வருவது கொம்புப் புற்று. மாடு ஒரு பக்கமாகத் தலையை ஆட்டிக்கொண்டே இருக்கும், கொம்பைக் கம்பத்தில் தேய்க்கும், அந்தப் பக்கத்து மூக்கில் ரத்தம் கசியும், நாளாக ஆகக் கொம்பு சாய்ந்துவிடும். அழகுக்காகக் கொம்பு சீவுவதும் ஒரு காரணமாக இருக்கலாம் என்கிறார்கள். முளையிலேயே கண்டுபிடித்துக் கொம்பை அடியோடு எடுத்தால் பிழைக்க வழி உண்டு. சாய்ந்த பிறகு போனால் டாக்டருக்கும் வேலை குறைவுதான்.

ஆனால் டிப்ளமோ படிக்கிற நமக்கு நேரடியாகச் சம்பந்தப்பட்ட நோய் இன்னொன்று இருக்கிறது. எங்கள் மயிலை போனது அதில்தான். கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

மாடு நம்மைப் போல நாக்கில் வைத்துப் பிரித்துப் பார்த்துத் தின்னாது. நாக்கால் சுருட்டி, அரைகுறையாக மென்று விழுங்கிவிடும். சாவகாசமாகப் படுத்து அசை போடுவது பிறகுதான். தட்டோடு ஒரு ஆணியோ கம்பியோ கலந்திருந்தால் அதுவும் உள்ளே போய்விடும். மாட்டு வயிற்றில் நாலு அறை. இரும்பு கனமானது என்பதால் இரண்டாவது அறையில் போய்த் தங்கும். தேன்கூடு மாதிரி உள்சுவர் கொண்ட சின்னப் பை அது. அந்தப் பை ஒரு நிமிஷம்கூடச் சும்மா இருக்காது, சுருங்கிச் சுருங்கி விரியும். ஒவ்வொரு சுருக்கத்துக்கும் கம்பியின் கூரான முனை சுவரில் குத்தும். அதற்கு முன்னால் உதரவிதானம். அதைத் தாண்டினால் இதயம். நடுவில் ஒரு சாண்கூட இடைவெளி கிடையாது. நம் ஒர்க்ஷாப்பில் சுத்தியல் அடிக்க அடிக்கப் பஞ்ச் இறங்குகிற மாதிரிதான், வேகம் மட்டும் குறைவு.

கம்பி எங்கிருந்து வருகிறது? கட்டடம் கட்டுகிற இடத்தில் சிந்திய கட்டுக்கம்பி ஒன்று. லாரி டயரை அறுத்துத் தீவனத் தொட்டியாகப் போடுகிறோமே, அதன் ஓரம் தேய்ந்தால் உள்ளேயிருந்து ஊசி ஊசியாக நீட்டிக்கொண்டு வரும் கம்பி இன்னொன்று. எல்லாவற்றிலும் மோசமானது தட்டு வெட்டும் மெஷின். சோளத்தட்டுக் கட்டைக் கம்பியால் கட்டியிருந்து, அதை அவிழ்க்காமல் உள்ளே தள்ளினால், பிளேடு தட்டோடு சேர்த்துக் கம்பியையும் ஒரு விரல் நீளத்துக்கு நறுக்கிக் கொடுத்துவிடும். விழுங்கத் தோதான அளவு!

அறிகுறிகளைக் கவனியுங்கள். வயசான மாடு தீனியைக் குறைத்தால் "வயசாச்சு, அதான் திங்கல" என்று விட்டுவிடுவது ஊர் வழக்கம். வயசானதால் தீனி குறைந்தால் மெல்ல மெல்லத்தான் குறையும். கம்பி குத்தினால் நேற்று நன்றாகத் தின்ற மாடு இன்றைக்குத் தொட்டியை முகர்ந்துவிட்டுத் திரும்பிக்கொள்ளும், அசை போடாது. முதுகைக் கூனிக்கொண்டு, முன்னங்கால் முட்டியை வெளிப்பக்கம் விரித்து நிற்கும். எழும்போதும் படுக்கும்போதும் முனகும். மேட்டில் ஏறும், இறக்கத்தில் இறங்க யோசிக்கும். இறங்கும்போது வயிற்றின் பாரம் முன்னால் தள்ளுகிறதல்லவா? உடம்புச் சூடு சாதாரணமாக 101.5 டிகிரி பாரன்ஹீட் இருக்கும், இப்போது அதைவிடக் கொஞ்சம் ஏறியிருக்கும். திமிலுக்குப் பின்னால் முதுகுத் தோலைப் பிடித்துக் கிள்ளினால் நல்ல மாடு முதுகைத் தாழ்த்தும். வலி உள்ள மாடு தாழ்த்தாது, முனகும். இதில் இரண்டு மூன்று சேர்ந்து தெரிந்தால் அன்றைக்கே டாக்டரைக் கூப்பிடுங்கள். 1962 என்ற எண்ணுக்குப் போன் செய்தால் கால்நடை ஆம்புலன்ஸ் உண்டு.

சீக்கிரம் தெரிந்தால் நம்பிக்கை நிறைய இருக்கிறது. மாட்டை நடக்க விடாமல் ஒரே இடத்தில் கட்டி, முன்னங்கால் நிற்கும் இடத்தை ஒரு சாண் உயர்த்திக் கொடுத்து, சீழ் பிடிக்காமல் இருக்க ஊசி போட்டு, ஒரு காந்தத்தை விழுங்க வைப்பார்கள். ஆமாம், காந்தம்தான்! விரல் நீளத்தில், மூலை இல்லாமல் வழவழப்பாகச் செய்த அல்நிகோ காந்தம். அதுவும் கனமானது என்பதால் அதே பையில் போய் உட்கார்ந்து கம்பியை இழுத்துப் பிடித்துக்கொள்ளும், ஆயுசுக்கும் அங்கேயே இருக்கும். அதற்கும் மசியவில்லை என்றால் இடது விலாவுக்குப் பின்னால் மரத்துப்போக ஊசி போட்டு, மாட்டை நிற்க வைத்தே அறுத்து, உள்ளே கைவிட்டுக் கம்பியை எடுப்பார்கள். எலெக்ட்ரிக்கல் நண்பர்களுக்கு ஒரு வார்த்தை: மோட்டார் வைண்டிங் செய்து மீந்த தாமிரக் கம்பியைக் காந்தம் இழுக்காது. அலுமினியமும் அப்படித்தான். அதைக் கண்ட இடத்தில் வீசாதீர்கள்.

எங்கள் மயிலைக்கு வெளியே தெரிந்தபோதே கம்பி தாண்டிவிட்டிருந்தது. 2022 ஐப்பசி மாதம். அலைதாடிக்குக் கீழே தண்ணீர் கோத்து வீங்கியிருந்தது. கழுத்து நரம்பு கயிறு மாதிரிப் புடைத்திருந்தது. டாக்டர் ஸ்டெதஸ்கோப்பை வைத்துக் கேட்டுவிட்டு என்னிடமும் கொடுத்தார். லப்-டப் இல்லை, பாதிக் குடம் தண்ணீரை ஆட்டுகிற சத்தம். இதயத்தைச் சுற்றிய உறையில் சீழ் கட்டிவிட்டால் இப்படித்தான் கேட்கும் என்றார். இந்தக் கட்டத்தில் அறுவைக்குப் பலன் குறைவு, அதுவும் பதினான்கு வயதில்.

அதற்கப்புறம் பதினோரு நாள். இந்தப் பதினோரு நாளில் கற்றுக்கொண்டதுதான் உங்களுக்கு உதவும். படுத்துவிட்ட மாட்டைச் சிமெண்ட் தரையில் விடக் கூடாது. மணல் கொட்டி அதன்மேல் வைக்கோல் பரப்ப வேண்டும். மூன்று நான்கு மணிக்கு ஒருமுறை பக்கம் மாற்றிப் போட வேண்டும். இல்லாவிட்டால் அதன் பாரத்திலேயே அடியில் உள்ள தொடைச் சதையும் நரம்பும் நசுங்கி, நோய் தீர்ந்தாலும் எழ முடியாமல் போகும். மல்லாக்கவோ முழுக்கச் சாய்ந்தோ கிடந்தால் காற்று வெளியேறாமல் வயிறு உப்பிவிடும். அதனால் நெஞ்சு தரையில் படும்படி உட்காரவைத்து, இரண்டு பக்கமும் தவிட்டு மூட்டையை முட்டுக் கொடுத்தோம். மூங்கில் குழாயில் கஞ்சி ஊற்றும்போது நாக்கை இழுத்துப் பிடித்துத் தலையை அண்ணாந்து தூக்கினால் கஞ்சி நுரையீரலுக்குப் போய்விடும். தானாகக் குடிக்கும் அளவுக்கு மேல் ஊற்றாமல் இருப்பதே நல்லது.

வலி ஊசி விஷயத்தில் மேட்டுப்பாளையத்துக்காரர்களுக்குக் கூடுதல் பொறுப்பு உண்டு. நமக்கு வடக்கே மாயாற்றுப் பள்ளத்தாக்கில் பாறுக் கழுகுகள் கூடு கட்டுகின்றன. டைக்ளோஃபினாக் போட்ட மாடு செத்து, அதைத் தின்றால் அந்தக் கழுகுக்குச் சிறுநீரகம் போய்விடும். கால்நடைக்கு அந்த மருந்து 2006-லேயே தடை. அசிக்ளோஃபினாக், கீட்டோபுரோஃபென் இரண்டுக்கும் 2023-ல் தடை வந்தது. மெலாக்சிகாம் போடலாம், அது கழுகுக்குக் கெடுதல் இல்லை. மெடிக்கல் ஷாப்பில் மனுஷருக்கு விற்கிற ஊசியை வாங்கி நாமே மாட்டுக்குப் போடுவது இரண்டு பக்கமும் பாவம்.

ஒன்பதாம் நாள் டாக்டர் கேட்டார், "இதுக்கு மேல கஷ்டப்படுத்தணுமாங்க?" என்று. தேறவே வழியில்லாமல் வதைபடும் விலங்குக்கு வலியில்லா முடிவு கொடுக்க 1960-ம் ஆண்டு விலங்கு வதைத் தடுப்புச் சட்டத்தின் 13-ம் பிரிவில் இடம் இருக்கிறது. அப்பாரு வெகுநேரம் பேசவில்லை. "அது என் கையிலருந்து தண்ணி குடிக்குது டாக்டரு, குடிக்கறத நிறுத்தட்டும்" என்றார். அவர் சொன்னதுதான் சரி என்று எனக்கு இன்றைக்கும் தோன்றவில்லை. தப்பு என்று சொல்லவும் வாய் வரவில்லை. பதினோராம் நாள் விடியற்காலையில் தண்ணீர் குடிப்பது நின்றது. டாக்டர் வருவதற்குள் போய்விட்டது.

கிணற்றிலிருந்தும் வாய்க்காலிலிருந்தும் தள்ளி, ஆறடிக்கு மேல் குழி தோண்டிச் சுண்ணாம்பு போட்டுப் புதைக்க வேண்டும். மூடும் முன்னால் ஜோடி மாட்டை அவிழ்த்துக் கொண்டுவந்து பக்கத்தில் நிறுத்தினோம். எங்கள் அப்பத்தாவின் யோசனை அது. முகர்ந்தது, கொஞ்ச நேரம் நின்றது, திரும்பிக்கொண்டது. அதன்பின் நாலு நாள் தொட்டியில் வைத்ததில் பாதிதான் தின்றது. துக்கம் என்றே நாங்கள் நினைத்தோம். டாக்டர் மட்டும் வேறு கேள்வி கேட்டார்: "ரெண்டும் ஒரே தொட்டியிலதானே தின்னுச்சு?"

அடுத்த நாளே அதற்கு முந்தின ராத்திரித் தீனியை நிறுத்தி, காந்தம் கொடுத்தார். அதற்குப் பிறகு தீனி சீரானது. காந்தத்தாலா, மனசு ஆறியதாலா என்று யாரும் விசாரிக்கவில்லை. தட்டு வெட்டும் மெஷினின் வாயில் பழைய ஸ்பீக்கரிலிருந்து கழற்றிய மூன்று காந்த வளையங்களை ஒரு தகட்டின் கீழே வரிசையாக ஒட்டி மாட்டினேன். முதல் மாதத்திலேயே இரண்டு லாடத்து ஆணியும் ஒரு துண்டுக் கட்டுக்கம்பியும் அதில் ஒட்டிக்கொண்டிருந்தன. வயிற்றில் காந்தம் இருக்கிறதா என்று பார்ப்பதும் சுலபம்: இடது முன்னங்கால் முட்டிக்குப் பின்னால், நெஞ்சுக்கூட்டின் அடியில் சாதாரணத் திசைகாட்டியைக் கொண்டுபோனால் முள் திரும்பும். அப்பாருக்கு அதில் ஒரு பழக்கமே வந்துவிட்டது. லீவுக்குப் போகும்போதெல்லாம், "கண்ணு, அந்த முள்ளுப் பெட்டிய எடுத்தா" என்பார்.