பழைய இருசில்லு உழவு இயந்திரம் வாங்குமுன் கவனிக்க வேண்டியவை

சேற்றில் இறங்கி உழுது, கரையேறியதும் இழுவைப் பெட்டியைப் பூட்டிக்கொண்டு சந்தைக்கு மரக்கறி ஏற்றிச் செல்வது இருசில்லு உழவு இயந்திரம். பிரித்தானியாவிலிருந்து முன்னர் வந்த லான்ட்மாஸ்ரரின் பெயராலேயே யப்பானிலும் சீனாவிலும் செய்யப்பட்டவற்றையும் பலர் அழைத்து வருகின்றனர். புதியது வாங்க வசதியில்லாத கமக்காரர் நகையை அடகு வைத்தேனும் பழையதொன்றைத் தேடுவர். பெரும்போக மழையில் சேறடிக்கும் வேளையில் அது வயல் நடுவே நின்றுவிடின், கைப்பணத்தோடு விதைப்புக் காலமும் போய்விடும்.

இத்தகைய இயந்திரத்தைப் பெரிதும் கெடுப்பது உட்புகுந்த சேறும் நீருமே. ஆகவே மேற்பூச்சைக் கண்டு மயங்குதல் ஆகாது. சில்லின் அச்சு கியர்ப்பெட்டியினின்று வெளிவரும் இடத்தில் றப்பர் விளிம்புடைய ஒயில் சீல் ஒன்று உண்டு. அது தேய்ந்தால் எண்ணெய் வெளியே கசியும். சேற்று நீர் உள்ளே புகும். இரவு முழுவதும் அசையாது நின்ற இயந்திரத்தின் கியர்ப்பெட்டி அடியிலுள்ள வடிகால் ஆணியைச் சிறிது தளர்த்திப் பார்த்தல் வேண்டும். உள்ளே நீர் இருப்பின், எண்ணெயிலும் பாரமானதால் அதுவே முதலில் வெளிவரும். சற்று முன் ஓடிய இயந்திரமாயின் இரண்டும் கலந்து பால் விட்ட தேநீர் போலத் தோன்றும். இவற்றுள் எதைக் கண்டாலும், பெயாரிங்குகளும் பற்சில்லுகளும் பழுதடைந்திருக்கக்கூடும் எனக் கொண்டே விலை பேசுதல் வேண்டும். விற்பதற்கென்றே புதிய எண்ணெய் ஊற்றி வைப்பவரும் உளர். அதனால் ஒவ்வொரு சில்லையும் தரையினின்று உயர்த்தி, மேலும் கீழும் அசைத்து, அச்சில் ஆட்டம் உண்டோவெனப் பார்ப்பதும் அவசியமாகும்.

விற்பவரின் இடத்தை அடைந்ததும் எஞ்சினை அவதானமாகத் தொட்டுப் பார்ப்பது நன்று. சூடாயிருப்பின் முன்னரே இயக்கி வைத்துள்ளார் என்பது தெளிவு. ஆறும்வரை காத்திருந்து, குளிர்ந்த நிலையில் இயக்கச் சொல்லுதல் வேண்டும். சூடேறிய பின்னும் நீலப்புகை வருமாயின் மசகெண்ணெய் எரிகின்றது. பிஸ்ரன் வளையங்கள் தேய்ந்திருக்கலாம். எண்ணெய் ஊற்றும் வாயினின்று புகை குபுகுபுவென வெளிவருதலும் அதற்கே அடையாளம். கரும்புகைக்குக் காற்று வடிகட்டி அடைபட்டிருப்பதும் காரணமாகலாம். அது சிறு செலவில் தீரும். நீர்த்தொட்டியுள்ள எஞ்சினில், நீர் சூடாகுமுன்னரே தொடர்ந்து குமிழிகள் எழுமாயின் அல்லது நீர்மேல் எண்ணெய் படருமாயின், தலைப்பகுதியின் கஸ்கற் பழுதடைந்திருத்தல் கூடும். தலைப்பகுதியே வெடித்திருப்பதும் உண்டு.

வெடித்த வாரும் தேய்ந்த கலப்பைக் கத்தியும் விலையைச் சற்றுக் குறைக்கக் கேட்பதற்கு உதவும். அவற்றுக்காக நல்ல இயந்திரத்தைக் கைவிட வேண்டியதில்லை. கைப்பிடியும் சட்டமும் காய்ச்சி ஒட்டப்பட்ட இடங்களை மட்டும் கவனமாகப் பார்க்க வேண்டும். ஓரிடத்தில் மாத்திரம் புதுப்பூச்சு இருப்பின் அதன் கீழ் என்ன உளதெனக் கேட்டறிதல் தகும்.

தெருவில் ஓட்டிக் காட்டுவது போதாது. இரும்புச் சில்லுப் பூட்டி, நீர் கட்டிய வயலில் அரைமணி நேரமேனும் உழுதல் வேண்டும். இடது, வலது பக்கக் கிளச்சுகளை ஒவ்வொன்றாகப் பிடித்து, அவ்வப் பக்கத்துச் சில்லு விடுபடுகிறதா எனப் பார்க்க வேண்டும். இறக்கத்தில் பாரம் பின்னின்று தள்ளும்போது இக்கிளச்சு இயந்திரத்தை எதிர்ப்பக்கம் திருப்பிவிடும் என்பதைப் புதிதாக ஓட்டுவோர் அறிந்திருத்தல் நலம்; இழுவைப் பெட்டியின் தடையையும் அதனாலேயே தவறாது சோதித்தல் வேண்டும். கரையேறிய பின் கியர்ப்பெட்டி எண்ணெயை மறுமுறை பார்ப்பதில் கூச்சம் வேண்டாம்.

பணம் கொடுக்குமுன் எஞ்சின் இலக்கத்தையும் அடிச்சட்ட இலக்கத்தையும் பதிவுச் சான்றிதழுடன் ஒப்பிடுதல் வேண்டும். குத்தகைக் கடன் தீராத இயந்திரமாயின், சான்றிதழில் முழு உரிமையாளராக நிதிக் கம்பனியின் பெயரே இருக்கும். அக்கடன் தீர்ந்தமைக்கான கடிதத்தை விற்பவர் காட்டும்வரை முற்பணமும் கொடுத்தலாகாது.