கண்ணாடித் தொட்டியில் ஒரு துளை

மீன்தொட்டி வைத்திருப்பவர்களுக்கு ஓர் ஆசை உண்டு. தொட்டியின் மேற்பகுதியில் ஒரு துளையிட்டுக் குழாய் பொருத்திவிட்டால், வழியும் நீர் கீழேயுள்ள வடிகட்டித் தொட்டிக்குத் தானாக இறங்கிவிடும். பம்பு அதைத் திரும்ப மேலேற்றும். வளைகுழாய் போதாதா என்பீர்கள். மின்சாரம் நின்று வருவதற்குள் வளைகுழாயில் காற்று புகுந்துவிட்டால் நீர் இறங்காது. பம்போ ஏற்றிக்கொண்டே இருக்கும். கூடமெல்லாம் வெள்ளம்தான்! துளைக்கு அந்தத் தொல்லை இல்லை.

ஆனால் கண்ணாடியைத் துளைப்பது எப்படி? இரும்பைத் துளைக்கும்போது அது சற்று நெகிழ்ந்து, சுருள் சுருளாக வெளிவருகிறது. கண்ணாடிக்கு நெகிழத் தெரியாது. அணுப்பிணைப்புகளைக் கொண்டு கணக்கிட்டால் அது மிக வலிமையானது. நடைமுறையிலோ அதில் ஏறத்தாழ நூறில் ஒரு பங்கு இழுவிசைக்கே உடைகிறது. ஏன்? கண்ணுக்குத் தெரியாத கீறல்களே காரணம் என்று இங்கிலாந்தின் கிரிஃபித் 1921-ல் விளக்கினார். கீறலின் கூரிய முனையில் தகைவு குவிகிறது. ஓர் எல்லையைத் தாண்டினால் விரிசல் தானே ஓடுகிறது. வழவழப்பான வட்டத்துளையின் விளிம்பிலேயே தகைவு மூன்று மடங்காகும். விளிம்பில் சில்லு பெயர்ந்திருந்தால் சொல்லவே வேண்டாம். ஆகவே கண்ணாடியை வெட்டக் கூடாது, தேய்க்க வேண்டும். வைரத்துகள் பதித்த குழல் வடிவப் பிட் இதற்கென்றே கடைகளில் கிடைக்கிறது.

பிட்டைக் கையில் எடுக்குமுன் ஒரு சோதனை அவசியம். நான் முதன்முதலில் துளையிட்ட பலகை, பாதி ஆழம்கூடப் போகாமல் 'படீர்' என்று கற்கண்டுத் துண்டுகளாகச் சிதறியது. அது டஃபண்டு கண்ணாடி என்று பிறகுதான் தெரிந்தது. இதை 600 டிகிரி செல்சியசுக்கு மேல் சூடாக்கி, காற்றைப் பீய்ச்சித் திடீரெனக் குளிர்விக்கிறார்கள். மேற்பரப்பு முதலில் இறுகுகிறது. உட்பகுதி பின்னர் சுருங்கி அதை நெருக்குகிறது. மேலே நெருக்கம், உள்ளே இழுப்பு. துளை உட்பகுதியைத் தொட்டதும் அந்தச் சமநிலை குலைந்து பலகை முழுவதும் நொறுங்குகிறது. இதைத் துளைக்க வழியே இல்லை.

எப்படிக் கண்டுபிடிப்பது? மடிக்கணினியின் எல்.சி.டி. திரையிலிருந்து வருவது தளவிளைவுற்ற ஒளி. வெள்ளைத் திரையின் முன் கண்ணாடியைப் பிடித்து, போலராய்டுக் கண்ணாடி வழியே பாருங்கள். திரை இருளும்வரை போலராய்டைத் திருப்புங்கள். சாதாரணக் கண்ணாடி சீராக இருண்டிருக்கும். டஃபண்டு கண்ணாடியில், குறிப்பாக ஓரங்களில், வெளிச்சத் திட்டுகள் தெரியும். தொட்டியின் ஒவ்வொரு பக்கத்தையும் தனித்தனியே சோதியுங்கள். அடிப்பலகை மட்டும் டஃபண்டாக இருப்பதும் உண்டு.

இனித் துளையிடலாம். காலித் தொட்டியைத் துளையிடும் பக்கம் மேலே வருமாறு கிடத்துங்கள். ஓரத்திலிருந்து துளையின் விட்டமளவேனும் இடம் விடுங்கள். உட்புறம் ஒட்டுநாடா ஒட்டி, மேலே களிமண்ணால் வட்டவரப்பு கட்டி நீர் விடுங்கள். நீர் வெப்பத்தைத் தணிக்கும்; கண்ணாடித் தூள் மூச்சில் ஏறாமலும் காக்கும். நீர் இருப்பதால் பேட்டரித் துளைப்பானே நல்லது. கண்ணுக்குக் காப்புக் கண்ணாடி அணியுங்கள். பிட்டைச் சாய்த்துப் பிறைபோல் தடம் பிடித்த பின் நிமிர்த்துங்கள். மெதுவான சுழற்சி, கையழுத்தமே வேண்டாம், எந்திரத்தின் எடையே போதும். அவசரம் வருவது கடைசி ஒரு மில்லிமீட்டரில்தான். சில்லு பெயர்வதும் அங்கேதான். அப்போது எந்திரத்தைச் சற்றுத் தூக்கிப் பிடியுங்கள்.

விளிம்பை ஈரமான உப்புத்தாளால் தேய்த்துவிட்டு டேங்க் நிப்பிளைப் பொருத்துங்கள். ரப்பர் வாஷர் கண்ணாடிமீது படிய வேண்டும். ஸ்பேனர் வேண்டாம், கையால் முறுக்கினால் போதும். ஒருநாள் முழுவதும் நீர் நிரப்பி, கசிவில்லை என்று கண்டபின் மீன்களை விடுங்கள்.