ஓர் அச்சு, இரு படங்கள்

மாணவர்களே, தில்லியின் ஓராண்டு மழையையும் வெப்பத்தையும் ஒரே படத்தில் காட்ட விரும்புகிறீர்கள் எனக் கொள்வோம். மழை, மாதந்தோறும் தனித்தனியே சேரும் அளவு. அதற்குப் பட்டைகள் பொருந்தும். வெப்பமோ தொடர்ந்து ஏறி இறங்குவது. அதற்குக் கோடே ஏற்றது. இவ்விரண்டிற்கும் பொதுவானவை பன்னிரு மாதங்கள். அவை படத்தின் அடியில் கிடை அச்சாக அமையும்.

ஜாவாஸ்கிரிப்ட் மொழியில் இதனை எளிதில் வரையலாம். சார்ட் ஜேஎஸ் என்னும் நிரல் தொகுப்பில் மாதப் பெயர்களை ஒருமுறை எழுதினால் போதும். பின்னர் இரு தரவு வரிசைகளைத் தந்து, வெப்பத்திற்கு 'லைன்' என்றும் மழைக்குப் 'பார்' என்றும் வகை குறித்தல் வேண்டும். வெப்பத்தை முதலில் எழுதுக. மழையை முதலில் எழுதினால் பட்டைகள் கோட்டை மறைக்கும். மழை வரிசையின் இடையே ஓர் எண் விடுபட்டால், பின்வரும் எண்கள் யாவும் ஒரு மாதம் முன்னே நகர்ந்துவிடும். கணினி அதனைப் பிழை என்று சொல்லாது. ஜூலை மழை ஜூனிலேயே பெய்ததாகப் படம் கூறும்!

அடுத்து ஓர் இடர்ப்பாடு. தில்லியின் சராசரி ஆகஸ்டு மழை 200 மில்லிமீட்டரைக் கடக்கும். மே மாதப் பகல் வெப்பமோ 40 பாகை செல்சியசை ஒட்டியே நிற்கும். இரண்டையும் ஒரே செங்குத்து அச்சில் அளந்தால், வெப்பக்கோடு அடியில் தட்டையாகக் கிடக்கும். ஆதலால் மழைக்கு இடப்புறமும் வெப்பத்திற்கு வலப்புறமும் தனி அச்சுகள் அமைப்பர்.

இங்கேதான் கண் ஏமாறுகிறது. கோடு பட்டையின் உச்சியைத் தொடும் இடத்தைக் கண்டு, மழையும் வெப்பமும் அங்கே சமமாயின என்று சிலர் உரைப்பர். மில்லிமீட்டரும் செல்சியசும் சமமாவது எங்ஙனம்? வலப்புற அச்சின் எல்லையை 50இலிருந்து 100 ஆக்கினால், தொடும் இடமே மாறிவிடும். ஆகவே உயரங்களை ஒப்பிடாது, மாதங்களை நோக்குக. மே, ஜூன் மாதங்களில் கோடு உச்சியில் நிற்கிறது. ஜூலையில் பட்டை எழ, கோடு தாழ்கிறது. அதுவே தென்மேற்குப் பருவமழையின் வரவு.

இனிச் சென்னைக்கும் இவ்வாறே ஒரு படம் வரைந்து, தில்லிப் படத்தின் கீழே வைத்துப் பாருங்கள். தில்லியின் பட்டைகள் ஒடுங்கிவிட்ட நவம்பரில்தான் சென்னையின் பட்டை ஓங்கி நிற்கும். அது வடகிழக்குப் பருவமழை. ஆனால் இரு படங்களிலும் மழை அச்சின் எல்லையை நீங்களே ஒன்றாக வகுத்தல் வேண்டும். கணினியிடமே விட்டுவிட்டால், ஒவ்வொரு படத்திற்கும் அது தனி எல்லை வகுக்கும். தில்லியின் 200ஐக் கடந்த ஆகஸ்டும் சென்னையின் 300ஐக் கடந்த நவம்பரும் ஏறத்தாழ ஒரே உயரமாய்த் தோன்றும்.