பழைய தூசி உறிஞ்சியும் நியாயமான இலாபமும்

சிமெந்துத் தரைக்குத் தும்புத்தடியே போதும் என்பார் உளர். ஆயினும் மெத்தையும் விரிப்பும் நிறைந்த வெள்ளவத்தை மாடி வீடுகளில் மின்சாரத் தூசி உறிஞ்சிக்கும் வேலை உண்டு. அமெரிக்காவின் ஒஹையோ மாநிலத்தில், ஆஸ்துமாவினால் வருந்திய ஸ்பாங்லர் என்னும் கடைத் துப்புரவாளர் 1908இல் இதற்குக் காப்புரிமை பெற்றார். அதனை வாங்கித் தம் பெயரால் உலகெங்கும் பரப்பியவர் ஹூவர். ஆக்கியவர் ஒருவர், பெயர் பெற்றவர் வேறொருவர்!

2022இல் டொலரின் விலை ஏறத்தாழ 200 ரூபாவிலிருந்து 360 ரூபா வரை ஏறிற்று. புதிய பொறி வாங்க நடுத்தரக் குடும்பம் தயங்கியது. பழையதைச் செப்பனிட்டு விற்பவருக்கு வழி பிறந்தது. இத்தொழிலின் சூட்சுமம் எளிது. 'இழுக்கவில்லை' என்று ஒதுக்கப்படும் பொறிகளிற் பல உண்மையில் பழுதானவையல்ல. வடிகட்டி அடைத்திருக்கும், குழாயிலே குழந்தையின் காலுறை சிக்கியிருக்கும், தூரிகையைச் சுழற்றும் வார் அறுந்திருக்கும். மோட்டாரிலே மிகுதியாகத் தீப்பொறி பறந்தால், தேய்ந்துபோன கார்பன் பிரஷ் காரணமாகலாம். சிறு செலவில் இவை சீராகும். அவ்வகையில் வரும் இலாபம் கைத்திறனுக்குரிய கூலியே. அதனைக் குறை கூறுதல் தகாது.

குறை, மறைத்து விற்பதிலேதான். யப்பானிய வீடுகளிற் பயன்பட்ட பொறி 100 வோல்ற் மின்சாரத்துக்கு அமைந்தது. நமது மின்சாரமோ 230 வோல்ற். மின்மாற்றியின்றிப் பொருத்தினால் மோட்டார் விரைவில் எரிந்துவிடும். இதைச் சொல்லாத வணிகர் இலாபம் ஈட்டவில்லை. ஏழையின் சேமிப்பைப் பறிக்கிறார்.

வாங்குவோர் முதலிலே வோல்ற் அளவைப் பொறித்த தகட்டைப் பார்த்தல் வேண்டும். பின்னர், கடையிலேயே சிறிது நேரம் ஓடவிட்டு மோந்து பாருங்கள். கருகிய வாடை வீசினால், விலை எத்துணை மலிவாயினும் வேண்டாம்.