தண்ணீர் ஆய்வு முடிவு சரிதானா? பார்க்க ஒரு வழி

கிணற்றுத் தண்ணீரை ஆய்வுக்கு அனுப்புங்கள், அனுப்புங்கள் என்று எங்களைப் போன்றவர்கள் ஓயாமல் சொல்லிக்கொண்டே இருக்கிறோம். நீங்களும் பாட்டிலைத் தூக்கிக்கொண்டு போய்க் கொடுத்துவிட்டு வருகிறீர்கள். சீட்டு வருகிறது. அந்தச் சீட்டில் எழுதியிருப்பது சரிதானா என்று என்றைக்காவது யோசித்தது உண்டா? இன்றைக்கு அதைப் பற்றித்தான் பேசப்போகிறேன்.

விருத்தாசலத்துக்கு மேற்கே மங்களூர் வட்டாரத்தையே எடுத்துக்கொள்வோம். மானாவாரியிலே பருத்தி, மக்காச்சோளம். போர் இருக்கிற கொல்லையிலே இறவைப் பயிர். இங்கே ஒருவர் தன்னுடைய போர்த் தண்ணீரை ஆய்வுக்குக் கொடுக்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். சீட்டிலே முதலில் பார்க்க வேண்டியது மின்கடத்து திறன். தண்ணீரில் உப்பு எவ்வளவு என்பதை அந்த எண்தான் சொல்லும். உலக உணவு வேளாண்மை நிறுவனம் 1985-இல் வெளியிட்ட கணக்குப்படி, அந்த எண் 1.1 வரை இருந்தால் மக்காச்சோளத்தில் மகசூல் குறையாது. மல்லாட்டை 2.1 வரை தாங்கும். பருத்தி 5.1 வரை தாங்கும். அப்படியென்றால், 1 என்று வரவேண்டியது 2 என்று வந்துவிட்டால், நன்றாக வரக்கூடிய மக்காச்சோளத்தை நீங்கள் கைவிட்டுவிடுவீர்கள். 2 என்று வரவேண்டியது 1 என்று வந்தால் இன்னும் மோசம். விதை, உரம், ஆள் கூலி எல்லாம் போட்ட பிறகுதான் இலை ஓரம் கருகுவது தெரியவரும்.

ஆய்வுக்கூடத்திலே தவறு எப்படி வரும் என்று கேட்பீர்கள். யாரும் வேண்டுமென்று செய்வதில்லைங்க. ஒரு உதாரணம் சொல்கிறேன். மின்கடத்து திறனை 25 டிகிரி வெப்பத்துக்குக் கணக்கிட்டுச் சொல்வதுதான் முறை. தண்ணீரின் சூடு ஒரு டிகிரி கூடினால் கருவி காட்டும் எண் நூற்றுக்கு 2 வீதம் கூடும். நம்ம ஊர் வெயிலிலே பாட்டில் தண்ணீர் 35 டிகிரி இருந்து, திருத்தம் செய்யாமல் எழுதிவிட்டால், 2.0 இருக்க வேண்டிய தண்ணீர் 2.4 ஆகிவிடும். 1954-லிருந்து புழங்குகிற பாசன நீர்ப் பட்டியலில் 2.25-ஐத் தாண்டினால் 'மிக அதிக உப்பு' என்று பெயர். தண்ணீர் மாறவில்லை, சூடுதான் மாறியது. ஆனால் உங்கள் கிணற்றுக்குக் கெட்ட பெயர்! நல்ல கருவிகள் இந்தத் திருத்தத்தைத் தாமே செய்துகொள்ளும். ஆனாலும் கருவியை நாள்தோறும் தெரிந்த கரைசலில் வைத்துச் சரிபார்க்க வேண்டும். மருந்துகள் பழசாகாமல் இருக்க வேண்டும். எண்ணை எழுதும்போது வரி மாறாமல் இருக்க வேண்டும். இதிலே எது தவறினாலும் சீட்டைப் பார்த்து நமக்குத் தெரியாது.

சரி, கண்டுபிடிப்பது எப்படி? மளிகைக்கடைத் தராசை நீங்கள் எப்படிச் சோதிப்பீர்கள்? அதே பருப்பை இரண்டு தரம் நிறுக்கச் சொல்லிப் பார்க்கலாம். இரண்டு தரமும் ஒரே எடை வந்தால் தராசு ஆடவில்லை என்று தெரியும். ஆனால் 900 கிராமை ஒரு கிலோ என்று காட்டுகிற தராசு, பத்துத் தரம் நிறுத்தாலும் அதையேதான் காட்டும். அதனால் நிச்சயமாகத் தெரிந்த ஒரு படிக்கல்லையும் வைத்துப் பார்க்க வேண்டும். செராமிக் சூளைகளிலும் இதே வழக்கம் உண்டு. சூடு காட்டும் கருவி ஒரு பக்கம் இருந்தாலும், இன்ன சூட்டில் வளையும் என்று முன்கூட்டியே தெரிந்த சின்னக் கூம்பைச் சாமானோடு சாமானாக உள்ளே வைப்பார்கள். கூம்பு வளைந்திருப்பதைப் பார்த்துக் கருவி சொன்னது உண்மையா என்று தெரிந்துகொள்வார்கள்.

தண்ணீருக்கும் இந்த இரண்டு சோதனையும் செய்யலாம். ஒரே ஒரு நிபந்தனை: இது சோதனை என்று ஆய்வு செய்பவருக்குத் தெரியக்கூடாது. தெரிந்தால் என்ன ஆகும்? பள்ளிக்கூடத்துக்கு இன்ஸ்பெக்டர் வருகிற அன்றைக்கு வகுப்பு எப்படி இருக்கும், நினைத்துப் பாருங்கள். அந்த மாதிரியை மட்டும் மூத்தவர் கையில் கொடுத்து மூன்று தரம் பார்ப்பார்கள். உங்கள் தண்ணீருக்கு அன்றாடம் கிடைக்கிற கவனிப்பு எப்படி என்பது தெரியாமலே போய்விடும். அதனால்தான் இதற்கு மறை மாதிரி என்று பெயர் சொல்லலாம்.

இது நான் புதிதாகக் கண்டுபிடித்ததில்லை. மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் பல ஆண்டுகளாக உள்ளடக்கம் தெரிந்த மாதிரிகளைத் தயாரித்து நாட்டிலுள்ள ஆய்வுக்கூடங்களுக்கு அனுப்பி, வந்த முடிவுகளை ஒப்பிடுகிறது. வேலூர் சி.எம்.சி. மருத்துவமனை இரத்தப் பரிசோதனைக் கூடங்களுக்கு இதே வேலையைச் செய்கிறது. ஆனால் இவையெல்லாம் சொல்லிவிட்டு வைக்கும் பரீட்சைகள். அமெரிக்க நிலவியல் ஆய்வுத் துறை 1980-களிலேயே ஒரு படி மேலே போயிற்று. டென்வர், அட்லாண்டா என்ற இரண்டு ஊர்களில் இருந்த தன் சொந்த ஆய்வுக்கூடங்களுக்கு, ஆற்றுத் தண்ணீர் மாதிரிகளோடு மாதிரியாக, அடையாளம் தெரியாமல் சோதனை பாட்டில்களைக் கலந்து அனுப்பியது.

நீங்கள் செய்ய வேண்டியது இதுதான். மோட்டாரைப் பத்துப் பதினைந்து நிமிஷம் ஓட விடுங்கள். பிறகு சுத்தமான பிளாஸ்டிக் வாளியில் 15 லிட்டர் பிடித்து நன்றாகக் கலக்குங்கள். அதிலிருந்து ஒரே மாதிரியான இரண்டு பாட்டில்களைத் தளும்பத் தளும்ப நிரப்பி மூடுங்கள். ஒன்று உங்கள் பெயரில், இன்னொன்று பக்கத்துக் கொல்லைக்காரர் பெயரில். அவரிடம் சொல்லிவிட்டுத்தான் செய்ய வேண்டும்! அந்தச் சீட்டை மானியம், கடன் என்று எதற்கும் அவர் பயன்படுத்தக் கூடாது. தனித்தனியாகப் பிடித்தால் வித்தியாசம் கிணற்றுடையதா கூடத்துடையதா என்று சொல்ல முடியாது. அதனால் ஒரே வாளி முக்கியம்.

மூன்றாவது பாட்டில்தான் படிக்கல். வாளித் தண்ணீரிலேயே 10 லிட்டரைச் சரியாக அளந்து வேறு வாளியில் ஊற்றுங்கள். அதில் 10 கிராம் தூள் உப்பைக் கரையுங்கள். கல் உப்பு வேண்டாம், அதில் ஈரமும் மக்னீசியமும் இருக்கும். 10 கிராமை நகைக்கடைத் தராசில் நிறுத்து வாங்குங்கள். கைக்கணக்கு உதவாது. இப்போது ஒரு லிட்டருக்கு ஒரு கிராம் உப்பு கூடியிருக்கிறது. முதல் பாட்டிலைவிட இதிலே குளோரைடு லிட்டருக்குச் சுமார் 600 மில்லிகிராம் கூடுதலாக வரவேண்டும். சீட்டிலே மில்லி ஈக்விவலன்ட் கணக்கு இருந்தால் 17 கூட வேண்டும். மின்கடத்து திறன் ஏறக்குறைய 2 கூடும். முதல் பாட்டிலில் குளோரைடு 300 என்றால் இதில் 900-ஐ ஒட்டி வரவேண்டும். 500 என்று வந்தால் எங்கேயோ கோளாறு.

நூற்றுக்கு 5, 10 வித்தியாசம் இருந்தால் அதைப் பெரிதுபடுத்த வேண்டாம். எந்தக் கூடத்திலும் அவ்வளவு வரும். கார அமில நிலையை மட்டும் வைத்து முடிவு கட்டிவிடாதீர்கள். பாட்டிலில் காற்றுப் பட்டாலே அது மாறும். பாட்டில்களைப் பத்து நாள் வைத்திருந்து கொடுத்தால் பைகார்பனேட்டும் சுண்ணாம்பும் மாறிவிடலாம். குளோரைடு மாறாது. கிருமி ஆய்வுக்கு இந்த முறையே ஆகாது. அதற்குக் கூடம் கொடுக்கும் கிருமி நீக்கிய பாட்டில்தான் வேண்டும்.

மூன்று பாட்டிலுக்கு மூன்று கட்டணமா என்று முகம் சுளிக்காதீர்கள். ஒரு ஊரில் பத்துப் பேர் சேர்ந்து ஒரு தரம் செய்தால் போதும், அந்தக் கூடத்தின் தரம் பத்துப் பேருக்கும் தெரிந்துவிடும்.

பைசாச் செலவில்லாத ஒரு வழியும் உண்டு. சீட்டிலே கால்சியம், மக்னீசியம், சோடியம், பொட்டாசியம் நான்கையும் மில்லி ஈக்விவலன்ட் கணக்கில் கூட்டுங்கள். கார்பனேட், பைகார்பனேட், குளோரைடு, சல்பேட் நான்கையும் கூட்டுங்கள். இரண்டு கூட்டலும் கிட்டத்தட்ட ஒன்றாக இருக்க வேண்டும். இரண்டும் மின்கடத்து திறனைப் போல் சுமார் பத்து மடங்கு இருக்கும். திறன் 2 என்றால் கூட்டல் 20 பக்கம். புள்ளி பிசகாமல் அச்சாக ஒன்றாக இருந்தாலும் கொஞ்சம் விசாரியுங்கள். சில இடங்களில் சோடியத்தை அளக்காமல், கூட்டல் சரியாக வரும்படி கழித்துப் போட்டுவிடுவது உண்டு.

எண்கள் ஒத்துவரவில்லை என்றால் சண்டைக்குப் போகாதீர்கள். முதலில் சீட்டில் என்ன அலகு என்று பாருங்கள். 2 டெசிசைமனும் 2000 மைக்ரோசைமனும் ஒன்றேதான். அப்புறம் மூன்று சீட்டையும் கூடத்துப் பொறுப்பாளர் முன்னால் வைத்து, வாளியில் செய்ததை மறைக்காமல் சொல்லி, மறுபடி பார்த்துத் தரச் சொல்லுங்கள். அதற்காகத்தான் முதல் நாளே ஒவ்வொன்றிலும் இன்னொரு பாட்டில் நிரப்பி, மூடியை இறுக்கி, தேதி எழுதி, வீட்டில் வெயில் படாத இடத்தில் எடுத்து வைக்க வேண்டும்.