மூடிய கதவு மீண்டும் திறந்தது: மலாக்கா மெஜஸ்டிக் சொல்லும் பாடம்

சுங்கை ஊடாங்கிலிருந்து மலாக்கா நகருக்குப் போகும் மாணவர்களே, ஜாலான் புங்கா ராயாவில் ஆற்றங்கரையை ஒட்டி நிற்கும் பழைய மாளிகையைக் கவனித்திருக்கிறீர்களா? அதுதான் மெஜஸ்டிக் தங்கும் விடுதி. எதிர்க்கரையில் இருப்பது கம்போங் மோர்டன்.

ரப்பர் விலை உயர்ந்து மலாயாவில் பெரும் செல்வந்தர்கள் உருவான காலம் 1920கள். அப்போது லியோங் லோங் மான் என்ற சீனச் செல்வந்தர் கட்டிய வீடு இது. 1955இல் இது தங்கும் விடுதியாக மாறியது. பல்லாண்டுகள் பயணிகளை வரவேற்ற பிறகு, 2000இல் அதன் கதவு மூடப்பட்டது.

இடிக்காமல் காத்த விதம்

மீண்டும் 2008இல் விடுதி திறக்கப்பட்டது. பழைய மாளிகையை அறைகளாகத் துண்டு போடவில்லை. விருந்தினர் தங்கும் 54 அறைகளுக்குப் பின்புறம் புதிய கட்டடம் எழுப்பினார்கள். மாளிகையோ மக்கள் கூடிப் பேசி மகிழும் இடமானது. உணவுக்கூடம், நூலகம், மதுக்கூடம் ஆகியவை அங்கேதான் உள்ளன. பழைய தரை ஓடுகளும் தேக்கு மர வேலைப்பாடுகளும் புதுப்பிக்கப்பட்டன. மலாக்கா போர்த்துகீசிய வம்சாவளியினரின் கிறிஸ்தாங் உணவும் பரிமாறப்படுகிறது.

பழைய கட்டடத்துக்குப் புதிய பயன் தருவதைக் கட்டடக் கலையில் ‘மறுபயன்பாடு’ என்பார்கள். பூட்டிக் கிடக்கும் கட்டடம் மழையிலும் கரையானிலும் அழியும். ஆள் நடமாட்டம் உள்ள கட்டடம் பிழைக்கும். கோலாலம்பூர் மெஜஸ்டிக்கின் கதையும் இதுதான். 1932இல் திறக்கப்பட்ட அந்த விடுதி, 1984 முதல் 1998 வரை தேசிய ஓவியக் கூடமாக இருந்தது. 2012இல் மீண்டும் விடுதியானது.

நம் கூடங்கள் எங்கே?

அந்த மாளிகைகளின் காலத்துச் செல்வத்துக்குப் பின்னால் தோட்டத் தொழிலாளர்களின் வியர்வையும் இருந்தது. அவர்களுக்கும் பொழுதுபோக்கு இடங்கள் இருந்தன. தோட்டத்துத் திடலில் வெள்ளைத் துணி கட்டிப் படம் காட்டினார்கள். மண்டபத்தில் நாடகம் போட்டார்கள். கோயில் திருவிழாவில் விடிய விடியக் கூடினார்கள். தோட்டங்கள் துண்டாடப்பட்டு வீடமைப்புத் திட்டங்கள் வந்தபோது, அந்த இடங்களில் பல சுவடின்றிப் போயின. அவற்றைப் புதுப்பிக்க எந்த நிறுவனமும் பணத்தோடு வரவில்லை.

நம்முடையது எதுவுமே நிலைக்கவில்லை என்று சொல்லவும் முடியாது. ஜாலான் துக்காங் எமாஸில் 1781இல் மலாக்கா செட்டிகள் எழுப்பிய பொய்யாத விநாயகர் ஆலயம் இன்றும் வழிபாட்டில் உள்ளது. தலைமுறைகள் அதைப் பயன்படுத்திக்கொண்டே இருந்ததுதான் அதற்குக் காவல்.

நீங்கள் செய்யக்கூடியது

2008இல் மலாக்காவும் ஜார்ஜ்டவுனும் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் இடம்பெற்றன. அதற்கு முன்பே நம் நாட்டில் 2005ஆம் ஆண்டு தேசியப் பாரம்பரியச் சட்டம் வந்துவிட்டது. தேசியப் பாரம்பரியமாக அறிவிக்கும்படி யாரும் பரிந்துரை செய்ய அச்சட்டம் இடமளிக்கிறது. ஆனால் பரிந்துரைக்குச் சான்று வேண்டும்.

அந்தச் சான்றைத் திரட்டுவது மாணவர்களால் முடியும். தாத்தா பாட்டியிடம் கேளுங்கள்: தோட்டத்தில் படம் எங்கே காட்டினார்கள்? மண்டபம் எந்தப் பக்கம் இருந்தது? அவர்கள் சொல்வதைக் கைப்பேசியில் பதிவு செய்யுங்கள். பழைய படங்களை நகலெடுத்து, பின்னால் பெயரும் ஆண்டும் எழுதி வையுங்கள். பள்ளி வரலாற்றுப் பணிக்கும் இது உதவும்.

மாளிகை எட்டு ஆண்டுகள் மூடிக் கிடந்தும் மீண்டது. சொல்லத் தெரிந்த பெரியவர் மறைந்துவிட்டால், அவரோடு போன கதையை மீட்க வழியில்லை. இந்த விடுமுறையிலேயே தொடங்குங்கள்.